ஐஸ் மலைக்குப் போன கம்பளி

பனி கொட்டுகிற ஊர்களில் ஞாயிற்றுக்கிழமையானால் குடும்பத்தோடு மலைக்குப் போய்ச் சறுக்கி விளையாடுவார்கள் என்பதை எங்கள் ஊரில் முதன்முதலாகச் சொன்னவர் என் தாய்மாமாதான். மிலிட்டரியில் காஷ்மீர்ப் பக்கம் இருந்தவர், இரண்டு மாத லீவில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். புத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் மாசி பிறந்ததுமே வெயில் தன் வேலையை ஆரம்பித்துவிடும். வியர்வையைத் துடைத்துக்கொண்டே பனியைப் பற்றிக் கேட்பது தனி சுகமாக இருந்தது.

அங்கே அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் ஆளுக்கொரு பலகையோடு மேட்டில் ஏறுவார்களாம். பலகையில் உட்கார்ந்தால் அதுவே கீழே கொண்டுபோய் விட்டுவிடுமாம். பனியிலேயே பொம்மை செய்து, மூக்குக்குக் கேரட் செருகி, தொப்பி வைப்பார்களாம். பனியை உருட்டி ஒருவரை ஒருவர் அடிப்பார்களாம். பெரியவர்களையும் அடிக்கலாமாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்களாம். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் நான் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

பனி எப்படி இருக்கும் என்று கேட்டால்தான் மாமா குழப்புவார். ஒரு நாள் உப்பு மாதிரி என்பார். மறுநாள் இலவம்பஞ்சு மாதிரி என்பார். அதற்கும் மறுநாள் இட்லி மாவு. எனக்கு ஏழு வயது. மூன்றையும் சேர்த்துக் கற்பனை செய்து பார்த்தேன். தின்னவும் முடியாத, மேலே படுக்கவும் முடியாத ஏதோ ஒன்றுதான் வந்தது.

ஐஸோடு சம்பந்தமுள்ள ஆள் எங்கள் ஊரில் ஒருவர்தான் இருந்தார். அவர் சோடாக்கடைக்காரர், என் அப்பாவின், அதாவது நைனாவின், கூட்டாளி. உறவு ஒன்றும் கிடையாது, ஆனாலும் நான் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கடைக்கு ரயிலில் மரத்தூள் போட்ட கோணியில் ஐஸ் வரும். அவரிடம் போய், ஐஸ் மலை உண்டா என்று கேட்டேன்.

"மலையா இருந்தா நான் ஏன் கண்ணு இங்க சோடா வித்துக்கினு இருக்கிறேன்?" என்று சொல்லி, ஒரு துண்டை உடைத்துக் கையில் வைத்தார். வீடு போய்ச் சேர்வதற்குள் அது தண்ணீராகிவிட்டது.

அப்போது எனக்குத் தெரியாமல் இருந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் குழம்பியதுபோல நீங்களும் குழம்புவீர்கள். ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிந்து, எங்கள் பக்கத்து ஊர்கள் யாருக்கு என்பது முடிவாகாமல் கிடந்த காலம் அது. மெட்ராஸோடுதான் சேர வேண்டும் என்று எங்கள் ஊர்த் தமிழர்கள் சிலர் துடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டேஷனில் ரயிலை மறிப்பது என்று முடிவு செய்தவர்களில் முதல் ஆள் சோடாக்கடைப் பெரியப்பா. இரண்டாவது ஆள் நைனா. நைனா போர்டு ஸ்கூலில் தமிழ் வாத்தியார், ஆந்திர சர்க்கார் சம்பளம். மறியலில் பிடிபட்டால் அந்தச் சம்பளம் நின்றுவிடும். எங்கள் வீட்டில் வேறு சம்பளம் கிடையாது. போகாதே என்று சொன்னால் வேண்டுமென்றே போகிற ஆள் நைனா. அதனால் அம்மாவும் மாமாவும் சேர்ந்து, அதே ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு குடும்ப உல்லாசப் பயணத்தை ஏற்பாடு செய்தார்கள். கடலை உடைக்கிற மில்லுக்குப் பின்னால் மலையாகக் குவிந்திருந்த வேர்க்கடலைத் தோல்தான் எங்கள் பனிமலை.

முதல் நாள் சாயங்காலமே குழப்பம் ஆரம்பித்துவிட்டது. பெரியப்பா வாசலில் நின்றபடியே, "நாளைக்குக் காலையில வண்டி. தூங்கிடப் போறே வாத்தியாரே" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் உள்ளே ஓடி, திருப்பதிக்கா போகிறோம் என்று அம்மாவைக் கேட்டேன்.

"இன்னாத்துக்குத் திருப்பதி? மாமா கூட ஐஸ் மலைக்குப் போறோம். நைனாவும் வராரு. நீதான் கையப் புடிச்சிக்கினு இஸ்துக்கினு வரணும்" என்றாள் அம்மா. அவள் குரல் எப்போதும்போல இல்லை. வெயிலில் விளையாடினால் முதுகில் போடுகிற அம்மா, வெயிலில் விளையாட எங்களைத் தானே கூட்டிப்போகிறாள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

காலையில் எழுந்தபோது வீடு முழுக்கப் புளிசோற்று வாசனை. மாமா எங்கிருந்தோ வயல் சமன்படுத்துகிற பலகையைத் தூக்கி வந்து வாசலில் சாத்தியிருந்தார். நைனா சின்ன அறையில் ஒரு துணிப்பைக்குள் வேட்டி, துண்டு, பல்பொடிப் பொட்டலம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டிருந்தார். அவற்றுக்கு மேல் கறுப்புக் கம்பளியை மடித்துத் திணித்தார்.

"கம்பளி எதுக்கு நைனா?"

நைனா கம்பளியை இன்னும் உள்ளே அமுக்கினார். "ஐஸ் மலைக்குப் போறோமில்ல? குளுராதா?" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமா சொன்ன பனியை இந்த வீட்டில் முழுசாக நம்பியவர் நைனா ஒருவர்தான் என்று தோன்றியது. அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது.

தபாலாபீஸ் முக்கில் பாதை பிரியும். இடது பக்கம் போனால் ஸ்டேஷன், வலது பக்கம் மில். மாமா பலகையோடு வலது பக்கம் திரும்பினார். அம்மாவும் தூக்குப்பாத்திரத்தோடு திரும்பினாள், பின்னால் பார்க்கவேயில்லை. தம்பி நடுவழியில் உட்கார்ந்து அழுதான். நைனா முக்கிலேயே நின்றுவிட்டார். பை தோளில் தொங்கியது.

"வா நைனா, வெயில் ஏறிச்சின்னா ஐஸு உருகிடும்" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

நைனா பையைத் தோளில் சரிசெய்துகொண்டார். ஸ்டேஷன் சாலையை ஒருமுறை பார்த்தார். பிறகு தம்பியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வலது பக்கம் நடந்தார். பனி உருகிவிடும் என்ற கவலை அவருக்கும் வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். அப்போது எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் மில் ஓடவில்லை. காவல்காரத் தாத்தா தெலுங்குக்காரர். நாங்கள் மேட்டில் ஏறுவதைப் பார்த்து, "பில்லலு படிபோதாரு, ஜாக்ரத்த சாரு" என்று, பிள்ளைகள் விழுந்துவிடப்போகிறார்கள் என நைனாவிடம் எச்சரித்துவிட்டு, வாத்தியாருக்கு என்ன ஆயிற்று என்பதுபோலப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார்.

மாமாவின் பலகை சறுக்கவில்லை. உட்கார்ந்ததும் தோலுக்குள் புதைந்து, தன் பாட்டுக்குக் கிடந்தது. மாமா இறங்கித் தள்ளினார், இன்னும் ஆழமாகப் போயிற்று. பனைமட்டையைக் கொண்டுவந்தார், அது பாதியில் கவிழ்ந்து தம்பியின் வாயெல்லாம் தோல். பொம்மை செய்யலாம் என்றார். கடலைத்தோல் எந்த ஊரில் ஒன்றோடொன்று ஒட்டும்? தலை வைத்தால் வயிறு சரிந்தது. கடைசியில் தன் மிலிட்டரித் தொப்பியை வெறும் குவியல்மேல் வைத்து, இதுதான் பொம்மை என்று சொல்லிவிட்டார்.

"நீ அங்க எப்டி மாமா சறுக்கினே?" என்று கேட்டேன்.

"நான் எங்க சறுக்கினேன்? துப்பாக்கி வச்சிக்கினு டூட்டில நின்னேன். அவங்க சறுக்கறதப் பார்த்துக்கினு இருந்தேன், அவ்ளோதான்."

இவரை நம்பியா வந்தோம் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. நைனாவின் பையிலிருந்து நானே கம்பளியை உருவினேன். நைனா தடுக்கக் கையை நீட்டினார். அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நைனா கம்பளியை என் கையிலிருந்து வாங்கி, மேட்டின் உச்சியில் தானே விரித்தார். என்னை மடியில் உட்கார வைத்து, முன்முனையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். மாமா பின்னாலிருந்து தள்ளினார்.

போனோம்! தோல் சலசலவென்று இருபக்கமும் தெறிக்க, கீழே வரைக்கும் போனோம். மூக்கெல்லாம் தூசி, உடம்பெல்லாம் அரிப்பு. பனி என்றால் இதுதான் என்று எனக்குத் தீர்மானமாகத் தெரிந்துவிட்டது. உப்புமில்லை, பஞ்சுமில்லை, இது குத்தும். மாமா சரியாகப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நைனாவைப் பிடிக்க முடியவில்லை. நாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுவதற்குள் அவர் கம்பளியை வாரிக்கொண்டு மறுபடி உச்சிக்கு ஏறிவிடுவார். மாமா கூட மூச்சு வாங்கினார், நைனா வாங்கவில்லை. ஏறுவார், சறுக்குவார், உடனே ஏறுவார். எங்கள் எல்லோரையும்விட விளையாட்டுப் பைத்தியம் அவருக்குத்தான் என்று நினைத்துப் பூரித்துப்போனேன்.

மாமா மிலிட்டரியில் எத்தனையோ காவல் காத்தவர். ஆனால் இடம் தேர்ந்தெடுப்பதில் கோட்டை விட்டுவிட்டார். ஊரிலேயே உயரமான இடம் அந்தத் தோல் மேடுதான். உச்சியில் நின்றால் ஸ்டேஷன் அப்படியே தெரியும்.

ஊதல் சத்தம் கேட்டது. நீளமாக, நிற்காமல் ஊதியது. நானும் உச்சியில்தான் இருந்தேன். ரயில் ஸ்டேஷனுக்குள் வராமல் இந்தப் பக்கமே நின்றிருந்தது. அதற்கு முன்னால் தண்டவாளத்தில் சிலர் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன் நைனா ரயிலு நிக்குது?"

"தண்ணி புடிக்குது."

"அவங்க ஏன் கீழ உக்காந்துக்கினு இருக்காங்க?"

நைனா ஸ்டேஷன் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். பெரியவர்களையும் அடிக்கலாம் என்று மாமா சொன்னது ஞாபகம் வந்தது. இரண்டு கை நிறையத் தோலை அள்ளி நைனாவின் முதுகில் அடித்தேன். அவர் திரும்பவில்லை, திட்டவுமில்லை. பனி விளையாட்டின் விதி நிஜமாகவே அப்படித்தான் என்று தெரிந்து இன்னொரு தடவையும் அடித்தேன்.

அப்போதுதான் அம்மா மேலே ஏறி வந்தாள். அம்மா ஓடியோ குதித்தோ நான் பார்த்ததில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைகளை ஊன்றி ஊன்றி ஏறினாள்.

"ஏங்க, நானும் சறுக்கறேன். புடிச்சிக்கோங்க" என்று சொல்லி நைனாவின் மணிக்கட்டைப் பிடித்துக் கம்பளியில் உட்கார வைத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து கீழே போனார்கள். அம்மா சத்தம் போட்டுச் சிரித்தாள். கீழே போய்ச் சேர்ந்த பிறகும் மணிக்கட்டை விடவில்லை. சிரித்து முடித்த பிறகும் முந்தானையால் வெகுநேரம் கண்ணைத் துடைத்தாள். தூசி என்று நினைத்துக்கொண்டேன்.

நைனா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு இன்னும் ஒருமுறை ஏறினார். புத்தூரிலிருந்து ஒரு லாரி வந்து நின்றதை நானும் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் லாரி போயிற்று, ரயிலும் போயிற்று. தண்டவாளத்தில் யாரும் இல்லை. அந்தத் தடவை நைனா சறுக்கவில்லை. முழங்கால் வரை புதையப் புதைய நடந்தே இறங்கினார்.

புளிசோற்றை நானும் தம்பியும் மட்டும்தான் சாப்பிட்டோம். "நீங்களும் துன்னுங்க மச்சான்" என்று மாமா நைனாவிடம் இலையை நீட்டினார். நைனா வாங்கிக் கையில் வைத்திருந்தார், அவ்வளவுதான். இவ்வளவு சந்தோஷமான நாளில் ஏன் யாருமே பேசவில்லை என்று எனக்குப் பிடிபடவில்லை. பனி தேசத்திலும் விளையாட்டு முடிந்தால் இப்படித்தான் இருப்பார்களா என்று மாமாவைக் கேட்டேன். அவர் தொப்பியில் ஒட்டிய தோலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் நைனா அந்தக் கம்பளியை உதறாமல்கூட, வேட்டி துண்டோடு பையில் வைத்துக்கொண்டு புத்தூர் பஸ் ஏறினார். திரும்பி வந்தபோது கை வெறுமையாக இருந்தது. கம்பளி எங்கே என்று கேட்டேன்.

"பெரிப்பாவுக்குக் குளுருமாம், குடுத்துட்டேன்."

அப்படியானால் சோடாக்கடைப் பெரியப்பா நிஜமான ஐஸ் மலைக்கே போய்விட்டார். கடை பூட்டியிருந்ததற்குக் காரணம் அதுதான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மாமா லீவு முடிந்து மிலிட்டரிக்குத் திரும்பிப் போனார். பல வாரங்கள் கழித்துப் பெரியப்பா வந்தார். இளைத்திருந்தார், கழுத்தில் மாலை, பின்னால் ஒரு கூட்டம். நேராக எங்கள் வீட்டுக்கு வந்து கம்பளியை நைனாவிடம் நீட்டினார்.

"நல்ல கம்பளி வாத்தியாரே. ஜெயில்ல இது இல்லன்னா செத்திருப்பேன். ஆனா ராத்திரி பூரா ஏதோ குத்திக்கினே இருந்தது" என்று சிரித்தார்.

"அது ஐஸு பெரிப்பா!" என்று நான் முன்னால் பாய்ந்தேன். "அன்னிக்கு நாங்க அதுலதான் சறுக்கினோம். நைனாதான் எல்லாரையும் விட நெறைய தடவ!"

அம்மா என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். நைனா கம்பளியையே பார்த்துக்கொண்டு நின்றார். பெரியப்பா குனிந்து என் கன்னத்தைத் தட்டினார்.

"தெரியும் கண்ணு. தண்டவாளத்துல உக்காந்துக்கினு நாங்களும் பார்த்தோம். மேட்டு மேல ஒரு வெள்ள வேட்டி ஏறும், எறங்கும். மறுபடி ஏறும். நான்தான் எல்லாருக்கும் காமிச்சேன், அதோ பாரு, வாத்தியாரு நம்ம கூடத்தான் இருக்காருன்னு."

எங்களை அத்தனை பேர் வேடிக்கை பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நைனாவுக்கும் பெருமையாகத்தான் இருக்கும் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் அங்கே இல்லை.

எங்கள் ஊர் கடைசியில் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. நைனா அதே பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தே ரிட்டையரானார். அதெல்லாம் பின்னால். அன்று நான் போய்ப் பார்த்தபோது அவர் கொல்லையில், கிணற்றடிக் கல்லில், கம்பளியை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தார். ரோமத்தில் சிக்கியிருந்த தோல் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரியாததையும் விரலால் தடவித் தடவித் தேடினார்.

"மறுபடியும் எப்போ நைனா போறோம்?" என்று கேட்டேன்.

அவர் அடுத்த துணுக்கைத் தேடினார். கம்பளி இப்படிச் சுத்தமாகிவிட்டால் அடுத்த தடவை இன்னும் வேகமாகச் சறுக்கும் என்று எனக்குத் தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் பொறுக்கிக் கொடுத்தேன்.