பேருக்கு நின்ற வேட்பாளர்

ஷார்ஜாவில், முவைலாவில் நாங்கள் இருக்கும் கட்டிடத்தில் யாராவது கதவைத் தட்டினால் உடனே திறக்கிற வழக்கம் கிடையாது. முதலில் டிவி சத்தத்தைக் குறைப்போம். பிறகு ஒருவர் மட்டும் செருப்பில்லாமல் போய்க் கதவிலிருக்கும் கண்ணாடித் துளை வழியாகப் பார்ப்பார். வெளியே நிற்பது பார்சல் கொண்டுவந்தவனாக இருக்கலாம். ஒரு ஃபிளாட்டுக்குள் எத்தனை கட்டில் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வந்த முனிசிபாலிட்டி ஆளாக இருக்கலாம். அடுத்த வீட்டு மலையாளி இஞ்சி கேட்டு வந்திருக்கலாம். யாராக இருந்தாலும் எங்கள் நெஞ்சு அடித்துக்கொள்வது ஒன்றுபோலத்தான். ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியும். வளைகுடாவில் பத்துப் பேரோடு அறை எடுத்துத் தங்கியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதனால்தான், இங்கிலாந்தில் ஒரு நாட்டுப்புற வட்டாரத்தில் நர்ஸாக வேலை பார்க்கும் என் மனைவி ஜெசிந்தா, முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரக் கிழவி வந்து கதவைத் தட்டியதாகவும், உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்ததாகவும் போனில் சொன்னபோது எனக்கு எரிச்சல் வந்தது.

"யாரு எவருன்னு தெரியாம எதுக்கு ஏட்டி தொறந்த?"

"மழைல நின்னுட்டு இருந்தாவ. இங்க அப்படித்தான், தட்டுவாவ."

"என்ன வேணுமாம்?"

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "வர்ற கவுன்சில் எலெக்‌ஷன்ல என்னைய நிக்கச் சொல்லுதாவ."

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள். கல்யாணமான புதிதில் இருவருமே ஷார்ஜா வந்தோம். அவள் ஒரு கிளினிக்கில் நர்ஸ், நான் ஏசி பராமரிக்கும் கம்பெனியில் டெக்னீஷியன், பிறகு சூப்பர்வைசர். மகள் ஆஷ்லி இங்கேதான் பிறந்தாள். பதினோரு வருடம் கழித்து ஜெசிந்தாவுக்கு இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. மகளையும் கூட்டிக்கொண்டு அவள் முன்னால் போனாள், நான் பின்னால் போனேன். ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே வேலை தேடினேன். வீட்டைக் குளிரவைக்கத் தெரிந்த ஒருவனால் அந்த ஊருக்கு என்ன பிரயோஜனம்? ஜன்னலோரம் உட்கார்ந்து ஆட்டு மந்தையைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், பழைய கம்பெனிக்கே திரும்பி வந்தேன். ஆறு வருடம் இப்படி ஓடியது. அவளுக்கு அங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதியும் வந்துவிட்டது. ஆனால் இந்த வருடம் ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். துபாயில் ஒரு கிளினிக் அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. செப்டம்பரில் அவளும் மகளும் இங்கே வந்துவிடுவார்கள். நான் பால்கனி வைத்த ஒரு ஃபிளாட்டைக்கூடப் பார்த்து வைத்திருந்தேன்.

இந்த நேரத்தில்தான் கிழவி கதவைத் தட்டினாள்.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒருத்தி இங்கிலாந்தில் ஓட்டுப் போடலாம், நிரந்தர அனுமதி இருந்தால் உள்ளூர்த் தேர்தலில் நிற்கவும் செய்யலாம் என்பதையே நான் முதலில் நம்பவில்லை. ஒரு காலத்தில் வெள்ளைக்காரன் ஆண்ட நாடுகளின் ஆட்களுக்கு அங்கே அப்படி ஒரு சலுகையாம். ஷார்ஜாவில் எனக்கு ஓட்டு இல்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை, வந்தது வேலைக்கு. ஊரில் வாக்காளர் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. தேர்தலுக்கென்று விமானம் ஏறிப் போகவா முடியும்? ஆனாலும் என் ஓட்டு ஒவ்வொரு முறையும் விழுந்துவிடுவதாக என் தம்பி சிரித்துக்கொண்டே சொல்வான். யார் போடுகிறார்கள் என்று நான் கேட்டதில்லை.

"பேருக்குத்தான் நிக்கேன்" என்றாள் ஜெசிந்தா. "அந்தம்மா கட்சிக்கு எல்லா வார்டுலயும் ஒரு ஆளு வேணுமாம். இந்த வார்டுல அவிய ஜெயிச்சதே இல்லயாம். ஒரு வேலையும் செய்யாண்டாம், பேரு மட்டும் போதும்னு மார்கரெட் சொன்னாவ."

மார்கரெட் என்பதுதான் அந்தக் கிழவியின் பெயர். மாட்டு வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவள். அன்றிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குள் ஏதோ முரண்டு பிடிக்கும்.

என்னோடு அறையில் இருக்கும் முருகேசனிடம் சொன்னேன். பெரம்பலூர்ப் பக்கத்துக்காரர், எலெக்ட்ரீஷியன், பஞ்சாயத்து அரசியலில் ஊறியவர். சப்பாத்தி மாவைப் பிசைந்துகொண்டே முழுவதையும் கேட்டார்.

"அண்ணே, இது டம்மி. ஓட்டப் பிரிக்கிற வேலை. எங்க சித்தப்பாவ இப்படித்தான் நிக்க வச்சாங்க. எதிராளி பேரும் செல்வராஜ், எங்க சித்தப்பா பேரும் செல்வராஜ். கடைசில ரெண்டு செல்வராஜும் தோத்தாங்க. ஊருக்குள்ள சித்தப்பாவுக்கு ஒரு வருஷம் யாரும் தண்ணி குடுக்கல."

"அங்க ஜெசிந்தான்னு வேற யாரும் நிக்கல."

"அப்ப வேற ஏதோ கணக்கு இருக்கு. நல்லா விசாரிங்க. ஒண்ணும் இல்லாம எவன் வந்து மழையில நிப்பான்?"

அது எனக்குச் சரியாகத்தான் பட்டது. எங்கள் அலுவலகத்தில் புராஜெக்ட் மேனேஜராக இருக்கும் டேவிட் இங்கிலாந்துக்காரர். நல்ல மனிதர். ஒருநாள் துபாயில் தேராப் பகுதியில் ஒரு பழைய கட்டிடத்தின் ஏசி வேலையைப் பார்க்க இருவரும் காரில் போகும்போது பேச்சை எடுத்தேன். என் மனைவி அங்கே தேர்தலில் நிற்கிறாள் என்றேன். அவர் புருவத்தை உயர்த்தி, "ஓ, பேப்பர் கேண்டிடேட்டா?" என்றார்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. இங்கே ஒருவனுக்குப் பேப்பர் இருக்கிறதா என்று கேட்டால் விசா சரியாக இருக்கிறதா என்றுதான் அர்த்தம். "நோ, நோ சார். ஆல் பேப்பர் ஓகே. பெர்மனெண்ட்" என்று அவசரமாகச் சொன்னேன். டேவிட் குழம்பினார். பிறகு சிரித்தார். காகிதத்தில் மட்டும் இருக்கிற வேட்பாளரை அப்படித்தான் அங்கே சொல்வார்களாம், ஜெயிக்க மாட்டார்கள் என்று தெரிந்தே பெயரைக் கொடுக்கிறவர்கள். "கவலைப்படாதே, அவள் ஒன்றும் செய்ய வேண்டியிருக்காது" என்றார். மார்கரெட் சொன்ன அதே வார்த்தை. எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னால் எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும்.

தேர்தலுக்கு முந்தைய வாரங்களில் ஜெசிந்தா சனி ஞாயிறுகளில் கூடுதல் டியூட்டி பார்ப்பதாகச் சொன்னாள். நான் கூப்பிடும்போது மூச்சு வாங்கப் பேசுவாள். பின்னால் காற்று இரையும், இரும்புக் கேட் கிறீச்சிடும், நாய் குலைக்கும்.

"முதியோர் இல்லத்துல நாய் எங்க இருந்து வந்துச்சு?"

"டியூட்டிக்கு நடந்து போயிட்டு இருக்கேங்க. பெறவு கூப்பிடுதேன்."

மகளைக் கூப்பிட்டுக் கேட்டால், "மம் இஸ் ஆன் டியூட்டி, அப்பா" என்பாள். கேள்வியை முடிப்பதற்கு முன்பே அந்தப் பதில் வந்துவிடும். சொல்லிக்கொடுத்த பதில் அப்படித்தான் வரும். ஜெசிந்தா வேறு எங்கோ போகிறாள் என்று தெரிந்தது. எங்கே, யாரோடு என்றுதான் தெரியவில்லை. முருகேசனிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். அந்தக் கேள்வியை இன்னொருவர் வாயிலிருந்து கேட்க எனக்குத் தெம்பில்லை.

அங்கே வியாழக்கிழமை ஓட்டுப் போடுவார்கள், அன்று இரவே எண்ணுவார்கள். வெள்ளிக்கிழமை எங்களுக்கு அரைநாள் வேலை. நான் ஸ்டோரில் ஃபில்டர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது டேவிட் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் போன்.

"சேவியர், யுவர் மிஸஸ் இஸ் இன்!"

ஒருத்தரை 'உள்ளே' என்று சொன்னால் நம் ஊரில் என்ன பொருளோ அதுதான் மனதில் வந்தது. தேர்தல் தில்லுமுல்லு, அந்தக் கிழவி மாட்டிவிட்டாள், மகள் வீட்டில் தனியாக இருப்பாள். "இன் வேர் சார்? போலீஸ்?" என்று கேட்டேன்.

டேவிட் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தார். பிறகு போனைத் திருப்பிக் காட்டினார். அந்த வட்டாரக் கவுன்சிலின் பக்கம். எல்லா வார்டுகளும் வரிசையாக இருந்தன. பெரும்பாலும் ஒரே கட்சியின் நிறம். நடுவில் ஒரு வார்டில் மட்டும் வேறு நிறத்தில் என் மனைவியின் முழுப் பெயர், என் பெயரையும் சேர்த்து, எழுத்துப் பிழையில்லாமல். பக்கத்தில் ஒரே சொல்: தேர்ந்தெடுக்கப்பட்டார்.

டேவிட் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஸ்டோரில் இருந்த பாகிஸ்தானி டிரைவர் என்ன ஏது என்று தெரியாமலே "முபாரக் பாய்" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் என் மனசு அந்தப் பக்கத்திலேயே நின்றது. பேருக்கு நின்றவள் எப்படி ஜெயித்தாள்?

மாலையில் அந்த ஊர்ப் பத்திரிகையின் இணையப் பக்கத்தில் பதில் கிடைத்தது. விளையாட்டு அரங்கம் ஒன்றில் எடுத்த படம். ஜெசிந்தா நடுவில் நிற்கிறாள். நான் வாங்கிக் கொடுத்த நீலக் கோட்டு. காலில் நான் பார்த்தேயிராத முழங்கால் வரைக்குமான ரப்பர் பூட்ஸ், அதில் காய்ந்த சேறு. ஒரு பக்கம் மார்கரெட், ஊன்றுகோலோடு. பல வருடங்களாக அந்த வார்டை வைத்திருந்த பெரிய பண்ணைக்காரரை ஜெசிந்தா தோற்கடித்துவிட்டாளாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் நிறுத்தப்பட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டே வார்டில் இருந்த எல்லா வீட்டுக் கதவையும் தட்டினாளாம். கீழே ஒரு சின்ன வீடியோ இருந்தது. அதில் அவள் பேசிய இங்கிலீஷ் நான் அறிந்த இங்கிலீஷ் அல்ல. அந்த ஊர்க்காரர்களைப்போல வார்த்தைகளை விழுங்கி, நடுவில் ஒரு கேலி சொல்லி, கூட்டத்தைச் சிரிக்க வைத்தாள். மூன்று முறை பார்த்தேன். என்ன கேலி என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை.

கூப்பிட்டேன். எடுத்ததும், "பாத்தீயளா?" என்றாள். குரல் பூரித்துப் போயிருந்தது.

"டியூட்டின்னு சொன்னியே."

பூரிப்பு அடங்கியது. "சொல்லிருந்தா வேண்டாம்னுதான சொல்லிருப்பீய."

"ஜெயிப்போம்னு உனக்குத் தெரியும்."

"சத்தியமா தெரியாதுங்க. மொத நாளு மார்கரெட்டுக்கு முட்டுவலி, தொணைக்குப் போனேன். ஒரு வீட்டுல போயி பஸ்ஸப் பத்திக் கேட்டேன். அந்தத் தாத்தா என்னைய உக்கார வச்சு ஒரு மணி நேரம் பேசுனாவ. மறுவாரம் நானே போனேன்."

"துபாய் வேலைய என்ன செய்ய? கவுன்சிலர்னா நாலு வருஷம்லா?"

அவள் பூட்ஸைக் கழற்றிப் போடும் சத்தம் கேட்டது.

"ராஜினாமா பண்ணிறலாம்லா?"

"ஓட்டுப் போட்டவிய மூஞ்சில எப்படி முழிக்க?" என்றாள். பிறகு, என்னிடம் இல்லாமல் யாரிடமோ சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்: "ஷார்ஜால பதினோரு வருஷம் இருந்தேன். ஊசி போட்டேன், கட்டுக் கட்டுனேன். நீ என்ன நெனைக்கன்னு ஒருத்தரு என்னைய ஒரு வார்த்த கேட்டதில்ல. நீங்களும் கேட்டதில்ல."

ஆஷ்லி சாப்பிட்டாளா என்று கேட்டேன்.

இதை எழுதும்போதும் என் சந்தேகம் தீரவில்லை. ஜெயித்ததால் அவளால் வர முடியாமல் போனதா, வராமலிருக்கத்தான் ஜெயித்தாளா? நேரில் கேட்டால்கூட அவளுக்கே பதில் தெரியாமல் இருக்கலாம். துபாய் கிளினிக்குக்கு அவளே கடிதம் எழுதி மறுத்துவிட்டாள். பால்கனி ஃபிளாட்டுக்கு ஒரு எகிப்தியக் குடும்பம் குடிவந்தது. ஆண்டுக்கு இரண்டு முறை நான் லீவில் அங்கே போய்வருவது என்று இப்போதைக்குப் பேசி வைத்திருக்கிறோம். கவுன்சில் கூட்டத்தை நேரலையில் காட்டுகிறார்கள். நான் அறையில் ஹெட்போன் போட்டுக்கொண்டு பார்க்கிறேன். யார் யாரோ வடிகால் பற்றியும் வேலி பற்றியும் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். அவள் எழுந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருவேன். அவள் பேசும்போது பக்கத்தில் இருக்கிறவர்கள் உண்மையாகவே கேட்கிறார்களா, கேட்பதுபோல நடிக்கிறார்களா என்று அவர்கள் முகங்களைத்தான் பார்ப்பேன். முருகேசன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "அந்தச் செவப்பு டை கட்டுனவன நம்பாதீங்கண்ணே" என்பார். எனக்கும் அவனைப் பிடிக்காது.

போன குளிர்காலத்தில் முவைலாவில் ஒரு பெரிய மழை கொட்டியது. எங்கள் தெருவில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டி நின்றது. கார்கள் பாதி மூழ்கி நின்றன. டியூட்டிக்குக் கிளம்பிய நான் பேன்ட்டை மடித்துவிட்டு, யாரோ போட்டிருந்த சிமெண்ட் கல்மேல் ஏறி நின்று, ஏன் என்று தெரியாமலே அந்தத் தண்ணீரை ஒரு படம் எடுத்தேன். எடுத்ததை ஜெசிந்தாவுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "இது என் வார்டுல வராதே." கூடவே சிரிக்கும் முகம். கேலிதானா, வேறு எதையும் சொல்கிறாளா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது செய்தி வந்தது: "யாருகிட்டயாவது சொன்னீயளா?"

யாரிடம் சொல்வது? நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் கட்டிடத்தில் ஜன்னலுக்கு ஒருவராக, எல்லோரும் திரைச்சீலையைக் கொஞ்சமாக விலக்கி, சத்தமில்லாமல் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.