மேலே ஏறாத முள்

டெய்சியின் அப்பா செபாஸ்டின் இருபத்தாறு வருஷம் நெய்வேலி சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தவர். பர்மனென்ட் ஆவதற்குள் முதுகு போய்விட்டது. மகள் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தாள். வடக்குத்து போகும் ரோட்டில் இருந்த கார் சர்வீஸ் சென்டர் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. முதல் இரண்டு வருஷம் வண்டி கழுவ மட்டுமே விட்டார்கள். அதற்குப் பிறகுதான் எஞ்சினைத் தொட விட்டார்கள். ஆறாவது வருஷத்தில் சுப்பிரமணியன் வண்டி வந்தது.

சுப்பிரமணியன் அனல்மின் நிலையத்தில் டர்பைன் பக்கம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். மனைவி கலியம்மாளை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் புதுச்சேரிக்கு அழைத்துப் போவார். வேகமாகப் போனால் ஆயில் விளக்கு எரிகிறது, மெதுவாகப் போனால் அணைந்துவிடுகிறது என்றார். ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால் விளக்கு எரியவில்லை. சென்சார் ஒயர் கோளாறுதான் என்று சொல்லிவிட்டார் சூப்பர்வைசர் சசிகுமார்.

டெய்சிக்கு அது சரியாகப் படவில்லை. பழைய வண்டிகளில் எஞ்சின் சுற்றச் சுற்ற ஆயில் பம்ப்பும் தள்ளிக்கொண்டே இருக்கும். மிஞ்சியதை ஒரு வால்வு திருப்பி அனுப்பும். அந்த வீண் உழைப்புக்கும் எரிபொருள்தான் செலவு. அதனால் இந்த மாதிரிப் புது வண்டிகளில் பம்ப்புக்குள் நகரும் வளையம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். வண்டி நிதானமாகப் போகும்போது வளையம் ஒரு பக்கம் நகர்ந்து, பம்ப் கொஞ்சமாகத் தள்ளும். வேகமெடுத்தால் வண்டியின் கம்ப்யூட்டர் ஒரு வால்வு வழியாக வளையத்தை மறுபக்கம் நகர்த்தி, நிறையத் தள்ள வைக்கும். அந்த வளையம் குறைந்த பக்கமே சிக்கிக்கொண்டால் நின்ற இடத்தில் சும்மா ஓடவிட்டால் குறை தெரியாது. ஹைவேயில் எஞ்சின் தீய்ந்துவிடும்.

சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பிரஷர் மீட்டரை மாட்டினாள். ஆக்சிலரேட்டரை மிதித்தாள். எவ்வளவு மிதித்தும் முள் மேலே ஏறவில்லை. அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். அந்த வண்டியின் பழைய சர்வீஸ் சீட்டுகளைப் புரட்டியபோது காரணமும் தெரிந்தது. போன இரண்டு சர்வீஸிலும் இதே சென்டரில் பழைய ரக வண்டிக்கான கெட்டி ஆயிலை ஊற்றியிருந்தார்கள். அந்தப் பிசுக்கில்தான் வளையம் சிக்கியிருந்தது. பம்ப்பைப் பிரிக்காமல் வண்டியை ஓட்டக் கூடாது என்று வண்டியின் வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டில் எழுதிச் சசிகுமாரிடம் கொடுத்தாள்.

அவர் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பம்ப் போச்சுன்னு எழுதனா ஏன் போச்சுன்னு கேப்பாங்க. ஊத்துனது நம்ம ஆயிலு. நீ வந்து பதில் சொல்றியா?"

மாலையில் வண்டி எடுக்க வந்த சுப்பிரமணியன் நேராக அவளிடமே வந்து, எல்லாம் சரியா என்று கேட்டார். பக்கத்தில் சசிகுமார் நின்றிருந்தார். மெதுவாக ஓட்டுங்கள் சார் என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் நாள் காடாம்புலியூர் தாண்டி எஞ்சின் தடதடத்து நின்றது. முந்திரித் தோப்போரம் கலியம்மாள் இரண்டு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு டயாலிசிஸ் தவறியது. மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்து பிழைத்து வந்தார்.

சென்டரில் விசாரணை நடந்தது. டெய்சி எழுதிய கார்டு அங்கே இல்லை. இருந்தது வேறொரு கார்டு. அதில் அவள் பெயருக்கு எதிரே 'சரிபார்க்கப்பட்டது' என்று இருந்தது.

அவள் போனை எடுத்துக்கொண்டு சுப்பிரமணியன் வீட்டுக்குப் போனாள். முப்பது வருஷம் மீட்டர் முள்ளைப் பார்த்துப் பழகிய மனிதருக்கு அந்தப் படத்தை விளக்க வேண்டியிருக்கவில்லை. சரி என்று தலையாட்டினார். அவர் கேஸ் போடுவார், அதில் தான் சாட்சி சொல்லலாம் என்று நம்பிக்கொண்டே வீடு திரும்பினாள்.

அதே வாரம் சென்டர்காரர்கள் அவரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். புது எஞ்சின் போட்டுத் தருகிறோம், தவறு மெக்கானிக் டெய்சியுடையது மட்டும்தான், வேறு புகார் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அவர் கையெழுத்துப் போட்டார். கேள்விப்பட்ட டெய்சி மறுபடியும் அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"நீ சொன்னது நெசம்னு எனக்குத் தெரியும்மா," என்றார். "கேஸு போட்டு ரெண்டு வருஷம் அலஞ்சிகினு இருக்க என்னால முடியாது. அவள வாரம் மூணு நாளு இட்டுகினு போவணும். எனக்கு வண்டி வேணும்."

"அன்னிக்கே உங்ககிட்ட சொல்லியிருக்கணும் சார்."

"ஆமா. சொல்லியிருக்கணும்," என்றவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

கவனக்குறைவால் நீக்கப்பட்டார் என்று கடிதம் கொடுத்து அவளை அனுப்பினார்கள். கடலூரில் இரண்டு சர்வீஸ் சென்டர்களில் கேட்டுப் பார்த்தாள். இரண்டிலும் பழைய இடத்துக்குப் போன் செய்து விசாரித்துவிட்டு, இடம் இல்லை என்றார்கள். இப்போது சுரங்கத்துக்கு வண்டி ஓட்டும் கான்ட்ராக்ட் கம்பெனி ஒன்றின் யார்டில் இருக்கிறாள். டயருக்குக் காற்றடிப்பதும் கிரீஸ் வைப்பதும்தான் வேலை. அங்கிருக்கும் இன்ஜினியர் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார், பானெட்டைத் திறக்கக் கூடாது என்று.