மெசின் பேசாத இரண்டு கிழமை

எனக்குப் பதினொரு வயது நடந்த அந்த வருடம், எங்கள் வீட்டில் அப்பாவுக்கு வாயாகவும் அம்மாவுக்குக் கண்ணாகவும் நான் ஒருத்திதான் இருந்தேன். அப்பாவின் தொண்டையில் கட்டி வந்து, கொழும்புப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் குரல்வளையை எடுத்துவிட்டிருந்தார்கள். கழுத்தில் ஒரு துளை, அதை மூடி ஒரு வெள்ளைத் துணி. மூச்சு அந்தத் துளை வழியாகப் போய்வந்தது. பேச்சுக்கு வழியே இல்லை.

அதற்கு முன்பு அப்பா கொழுந்தெடுக்கும் பெண்களுக்குக் கங்காணி. எங்கள் தேயிலைத் தோட்டம் கொட்டகலைக்கு மேலே இருந்தது. பனி இறங்கி ஆளுக்கு ஆள் தெரியாத காலைகளிலும் அவர் மலையில் நின்று ஒரு சத்தம் கொடுத்தால், கீழே லயத்து வீடுகளில் அடுப்பு ஊதிக்கொண்டிருப்பவர்களுக்கும் கேட்கும். அப்படிப்பட்டவரை ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மாவுக்கோ எழுத்து தெரியாது. சம்பளத்துக்குத் தன் பெயரை மட்டும் போடுவாள். அதுவும் எழுதுவதுபோல இருக்காது, கோலம் போடுவதுபோல இருக்கும்.

ஆகவே அப்பா எழுதுவார், நான் வாசிப்பேன், அம்மா கேட்பாள். பதில் சொல்லும்போது அம்மா அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே சொல்வாள். எனக்கு அது பெரிய உத்தியோகமாக இருந்தது. கொஞ்ச நாளில் எல்லா உத்தியோகஸ்தர்களையும்போல நானும் என் அதிகாரத்தைப் பயன்படுத்தத் தொடங்கினேன். "சோறு கொழஞ்சிருச்சி" என்று அப்பா எழுதினால், "சோறு நல்லாருக்காம்" என்று வாசிப்பேன். அவர் எழுதாத இடங்களிலும் சில சமயம் வாசித்திருக்கிறேன். என்னைத் தண்ணீர் எடுக்க அனுப்ப வேண்டாம் என்று அப்பா சொன்னதாக அம்மா இன்றும் நம்புகிறாள்.

அப்பாவுக்கு ஒரு குரல் செய்துகொடுக்கலாம் என்ற யோசனை மாமாவுடையது. மாமா அம்மாவின் தம்பி. ஹட்டன் பஸாரில் போன் திருத்தும் கடை ஒன்றில் வேலை. கடை ஒரு முஸ்லிம்காரருடையது. எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாமா என்னையும் சில நாள் அங்கே கூட்டிப் போவார். கடையின் மேல்மாடியில் நான்கு பேர் கூடுவார்கள். மாமா, நானா, கொட்டகலையிலிருந்து வரும் கணக்கு டீச்சர், தலவாக்கலை ஸ்டேஷனில் வேலை செய்யும் சிங்கள அண்ணன் ஒருவர். நான்கு பேருக்கும் ஒரே பைத்தியம். காசு கொடுத்து வாங்கத் தேவையில்லாத, யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்தி மற்றவர்களுக்கும் கொடுக்கக்கூடிய மென்பொருள்களைத் தவிர வேறெதையும் அவர்கள் தங்கள் கணினியில் சேர்ப்பதில்லை.

ஊரில் மற்றவர்கள் தேர்தலைப் பற்றிப் பேசும் அக்கறையோடு அவர்கள் டீச்சரின் பிரிண்டரைப் பற்றிப் பேசுவார்கள். அது தமிழ் எழுத்துகளைக் கட்டம் கட்டமாக அடித்துத் தள்ளும். ஸ்டேஷன் அண்ணனின் லேப்டாப்பில் வைஃபை பிடிக்காது. ஒருவர் கணினி படுத்துவிட்டால் மற்ற மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்கும் தெரியாவிட்டால் இணையத்தில் எழுதிப் போடுவார்கள். அடுத்த ஞாயிறுக்குள் முகம் தெரியாத யாரோ ஒருவர் பொறுமையாகப் பதில் எழுதியிருப்பார். அங்கே உட்கார்ந்திருந்து நானும் ஒன்றிரண்டு கற்றுக்கொண்டேன். ஒரு நாள் இரண்டே எழுத்துள்ள ஒரு கட்டளையைக் காட்டி, "இத மட்டும் அவசரத்துல அடிச்சிராதீங்க, ஒரு கேள்வியும் கேக்காம அழிச்சிரும்" என்று மாமா ஸ்டேஷன் அண்ணனை எச்சரித்தார். எனக்கு அது நன்றாக மனப்பாடமானது.

எழுதியதை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதற்குத் தமிழும் தெரியும், ஆனால் புத்தகத் தமிழ் மட்டும்தான் தெரியும். அப்பா பேசுவதுபோலத்தான் எழுதுவார். "போறோம்", "இருக்காங்க" என்று எழுதினால் அது எலும்பு சிக்கியதுபோலத் திக்கும். "லயம்", காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் "பெரட்டு" எல்லாம் அதற்கு வேற்றுமொழி. டீச்சர் எங்கள் பேச்சுச் சொற்களைப் பட்டியல் போட்டார். ஒவ்வொன்றையும் எப்படி ஒலிக்க வேண்டுமென்று மாமா அதற்குச் சொல்லிக்கொடுத்தார். 'ழ' வராமல் மூன்று ஞாயிறு போராடினார்கள். கடைசியில் வெளிநாட்டில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண் எங்கே பிழை என்று கண்டுபிடித்து, திருத்திய ஃபைலை அனுப்பினாள். யாருக்காக என்று அவள் கேட்டதற்கு, "எங்கள் அக்காவின் கணவருக்கு" என்று மாமா பதில் எழுதினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் ஒரு பழைய லேப்டாப்போடு எங்கள் லயத்துக்கு வந்தார்கள். விசைகளின்மேல் டீச்சர் தமிழ் எழுத்துகளைக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தார். அப்பா ஒரு விரலால் வெகுநேரம் தேடித் தேடி அடித்தார். பிறகு மாமா காட்டிய விசையை அழுத்தினார்.

"புள்ள, எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்து" என்றது லேப்டாப். அம்மாவை அப்பா புள்ள என்றுதான் கூப்பிடுவார்.

மூக்கடைத்தவன் செய்தி வாசிப்பதுபோல இருந்தது அந்தக் குரல். எல்லாரும் சிரித்தார்கள். நானா கைதட்டினார். அம்மா சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்து, "இந்தா ஊத்துறேன்" என்றாள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

அன்றோடு என் உத்தியோகம் போயிற்று. அம்மா மலையிலிருந்து வந்து கைகால் கழுவியதும் இரண்டு பேரும் அந்த லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். அப்பா சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்வார். நான் கிட்டே போனால் அது நின்றுவிடும். ஒரு நாள் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தபோது அந்த மூக்கடைத்த குரல், "நீ போயி படி" என்றது. என் அப்பாவே அப்படிச் சொன்னதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மெசின்தான் என்னைத் துரத்தியது என்று நினைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. அப்பா தோட்டத்துக் கோயில் பக்கம் நடக்கப் போயிருந்தார். நான் லேப்டாப்பைத் திறந்தேன். குரலும் சொற்பட்டியலும் இருந்த ஃபோல்டருக்கு மாமா 'அப்பா' என்றே ஆங்கில எழுத்தில் பெயர் வைத்திருந்தார். இரண்டு எழுத்துக் கட்டளையையும் அந்தப் பெயரையும் அடித்தேன். முதல் முறை பிழையாகிவிட்டது. இரண்டாம் முறை, மாமா செய்வதுபோல நடுவில் ஒரு சிறு கோடும் ஓர் எழுத்தும் சேர்த்ததும் சரியாக வந்தது. மாமா சொன்னதுபோலவே அது ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அன்றிரவு கரண்ட் போனதால் லேப்டாப்பை யாரும் திறக்கவில்லை. மறுநாள் புதன். அப்பாவுக்கு டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிளினிக். அம்மாவுக்கு வேலை இருந்ததால் தனியாகத்தான் பஸ் ஏறிப் போய்வந்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அவர் ஈரக் குடையைக்கூட மடக்காமல் லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார். வழக்கத்தைவிட நீளமாக அடித்தார். பிறகு விசையை அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. சத்தத்தைக் கூட்டி மறுபடி அழுத்தினார். லேப்டாப்பை அணைத்து, திறந்து, மறுபடியும் முழுவதையும் அடித்து அழுத்தினார். நான் கிட்டே போனதும், அடித்திருந்ததையெல்லாம் ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். மூடிவிட்டு, பல நாளாகத் தொடாத கொப்பியை எடுத்தார்.

"மெசின் பேசல. மாமாவுக்கு ஒரு கோல் எடு."

எங்கள் லயத்தில் குழாயடிக்கு மேலே உள்ள பாறையில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். அம்மா மலையிலிருந்து வந்ததும் அவள் போனோடு நான் அங்கே ஏறினேன். யாருக்கும் அழைப்பு எடுக்காமல் காதில் வைத்துக்கொண்டு, அம்மா வாசலிலிருந்து பார்ப்பாள் என்பதற்காகக் கொஞ்ச நேரம் தலையை ஆட்டினேன். இறங்கி வந்து, "மாமா கடை வேலையா கொழும்புக்குப் போயிருக்காராம். வர ரெண்டு கெழம ஆகுமாம்" என்றேன்.

அப்பா என்னையே பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

அந்த இரண்டு வாரமும் மழை. அப்பா முன்பு எழுதியதைவிட அதிகமாக எழுதினார். மூலையில் தகரம் ஒழுகுகிறது என்று எழுதினார். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த பக்கத்துக் காம்பிராக்காரர்களின் பசு கன்று போட்டதை எழுதினார். அம்மாவை முதல்முதல் பார்த்த திருவிழாவில் அவள் கட்டியிருந்த சேலையின் நிறத்தை எழுதினார். அதை நான் வாசித்தபோது அம்மா, "இந்த மனுசனுக்கு வேற வேலயில்ல" என்று வெட்கப்பட்டாள். ஒரு நாள் "புள்ள" என்று எழுதி, பென்சிலை வெகுநேரம் அங்கேயே வைத்திருந்தார். பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டார். பிழையாக எழுதிவிட்டார் என்று நினைத்தேன். எனக்கு அவசரமில்லை. அடுத்த பக்கத்துக்காகக் காத்திருந்தேன்.

மூன்றாவது ஞாயிறு யாரும் கூப்பிடாமலே மாமா வந்தார். கூடவே டீச்சரும் நானாவும்.

"கொழும்புலருந்து எப்ப தம்பி வந்த?" என்று அம்மா கேட்டாள்.

மாமா ஒரு கணம் விழித்தார். நான் கதவுக்குப் பின்னால் நகர்ந்ததைப் பார்த்தார்.

"நேத்துதான்க்கா" என்றார்.

அப்பா மெசின் பேசாததைக் கையால் காட்டினார். மாமா லேப்டாப்பைத் திறந்தார். நடந்த கட்டளைகளைத் திரும்பக் காட்டும் மேல் அம்புக்குறியை ஒரு முறை அழுத்தினார். நான் சரியாக அடித்தது வந்தது. இன்னொரு முறை அழுத்தினார். நான் பிழையாக அடித்தது வந்தது. கணினியில் அத்தனையும் ஞாபகம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை. டீச்சரும் அதைப் பார்த்தார். மாமா திரையை அப்பா பக்கமிருந்து திருப்பிக்கொண்டார்.

"அப்டேட் ஆவும்போது அழிஞ்சிருக்கு மச்சான்" என்றார் மாமா. "நம்ம பெழ இல்லீங்க."

"அதுக்கென்ன, என்ட பென்லயும் ஒரு கொப்பி ஈக்கி" என்று நானா சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்தார். டீச்சரிடமும் ஒன்று இருந்தது. இணையத்திலும் இருந்தது. அந்த வெளிநாட்டுப் பெண் அதை எல்லாருக்குமாக அங்கே வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் அது செத்துக் கிடந்த நாட்களில், மட்டக்களப்பில் கண் தெரியாத ஒருவர் பத்திரிகை கேட்பதற்காக அதை எடுத்து, அவர் ஊர்ச் சொற்களையும் சேர்த்திருந்தாராம். அரை மணித்தியாலத்தில் அப்பாவின் குரல் முன்பைவிடத் தெளிவாகத் திரும்பி வந்தது.

போகும்போது குழாயடியில் மாமா என்னை நிறுத்தினார்.

"ஏன்டி?" என்று மட்டும் கேட்டார்.

நான் குழாயைத் திறந்து காலைக் கழுவினேன். அவர் என் தலையில் கை வைத்தார். அடித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

அன்று பொழுது சாய்வதற்குள் அப்பா என்னைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினார். திரும்பி வந்தபோது கதவு சாத்தியிருந்தது. உள்ளே அந்தக் குரல் தணிந்து பேசிக்கொண்டிருந்தது. தகரத்தில் மழை விழுந்த சத்தத்தில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அம்மாவின் சத்தம் வரவே இல்லை. கதவைத் திறந்தபோது அவள் அப்பாவின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலையில் வழக்கம்போலக் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள்.

அப்பா அதன் பிறகு நான்கு மாதம் இருந்தார். கடைசி மாதத்தில் விரலுக்கு விசையை அழுத்தும் பலம் இல்லை.

படித்து முடித்து நான் கொழும்புக்கு வேலைக்குக் கிளம்பிய வாரத்தில்தான் அம்மா அதைச் சொன்னாள். உடுப்பு மடித்துக்கொண்டே, ஏதோ அயலார் கதைபோலச் சொன்னாள்.

"ஒங்கப்பாவுக்கு அந்த புதங்கெழமயே டொக்டர் சொல்லிட்டாரு. திரும்பவும் வந்துருச்சி, இனி வெட்டவும் ஏலாதுன்னு. மெசினு கெட்டுக் கெடந்திச்சில்ல, ரெண்டு கெழம மனசுக்குள்ளயே வச்சிக்கிட்டு இருந்திருக்காரு மனுசன். நான் ஒண்ணும் தெரியாம மலையில சிரிச்சிப் பேசிக்கிட்டு கொழுந்தெடுத்தேன்."

"கொப்பியில எழுதியிருக்கலாமேம்மா" என்றேன்.

அம்மா மடிப்பதை நிறுத்தினாள்.

"எழுதுனா நீதான வாசிக்கணும்" என்றாள்.

மெசின் ஏன் பேசாமல் போனது என்று அவளுக்கு நான் இன்றுவரை சொல்லவில்லை. சொல்லத் தெரியாத வயதைக் கடந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அந்த இரண்டு கிழமையும், அப்பா எனக்காகவே அவ்வளவு எழுதுகிறார், மறுபடியும் என்னிடமே வந்துவிட்டார் என்று நினைத்து, அவர் எழுதியதையெல்லாம் நான் பக்கத்துக் காம்பிராவுக்கும் கேட்கிற மாதிரி உரக்க வாசித்துக்கொண்டிருந்தேன்.