மைனாக்கள் செத்துக் கிடந்த சாயங்காலம்

உரக்கடையைத் தாண்டும்போது இன்று மூக்கில் ஏறிய பூச்சிமருந்து நெடி, ஆத்தூரில் இப்போது வீட்டுமனைகளாகிவிட்ட எங்கள் கத்தரித் தோட்டத்துக்கு என்னை இழுத்துப்போனது. அப்போது நான் ஏழாம் வகுப்பு. இலையைப் புழு தின்னும், புழுவை மைனா தின்னும் என்று ஸ்டெல்லா டீச்சர் உணவுச் சங்கிலி நடத்திய அன்று சாயங்காலம், மருந்தடித்த பாத்திகளுக்கு நடுவே ஆறேழு மைனாக்கள் கால் விறைத்துச் செத்துக் கிடந்தன. ஒன்றின் அலகில் இன்னும் பாதிப் புழு இருந்தது.

"அப்பா, இந்தக் கத்தரிக்காயத்தான நாமளும் திங்கிறோம்?" என்றேன்.

"நமக்குக் கடைசி வரிசை இருக்குல்ல தாயி. அதுல மருந்தே அடிக்கிறதில்ல."



"அப்ப டீச்சருக்கு? வாராவாரம் நம்மகிட்டதான வாங்குறாங்க?"

மறுநாள் டீச்சர் பையோடு வந்தபோது, அப்பா பறித்துக் குவித்திருந்ததைத் தொடாமல், கடைசி வரிசைக்குப் போய்ப் புதிதாகப் பறித்துக்கொடுத்தார். குவியலில் கிடந்த பளபளப்பான காய்களைச் சாக்கில் கட்டி, வழக்கம்போலத் திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு வண்டியேற்றினார். அவை யார் வீட்டுக்குப் போகும் என்று நான் கேட்கவில்லை.