வேனில் வைத்த சார்ஜர் பாயிண்ட்

பள்ளிகொண்டா தாண்டியதும் மிஷின் நின்றுவிட்டது. ஆக்சிஜன் மிஷின். அதன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு ரோஸ்லின் அம்மா வேனின் பின்சீட்டில் இருந்தார். மிஷினுக்குக் கரண்ட் கொடுக்க வேண்டிய பாயிண்டை வைத்தவன் நான்.

பழைய வண்டிக்குப் புதிய பாயிண்ட் வைப்பதுதான் ஆம்பூர் பைபாஸில் என் பிழைப்பு. வண்டி செய்தவன் ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும்தான் வயர் விட்டான். இப்போது போன், கேமரா, ஃபேன் எல்லாம் அதிலேயே ஓட வேண்டும். பழைய வண்டி வைத்திருக்கிற உங்களுக்கு விளக்க வேண்டாம். பட்டிருப்பீர்கள்.

மாசாமாசம் வேலூர்

ரோஸ்லின் அம்மாவின் வீட்டுக்காரர் தேவராஜ், ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். வீடு நாட்றம்பள்ளியில். அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. மாதாமாதம் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். மிஷினுக்குள் இருக்கிற பேட்டரி அவ்வளவு தூரம் தாங்காது. அதற்காகவே ஒரு பழைய வேனை வாங்கி, பெயிண்ட் அடித்து, சீட் போட்டு என்னிடம் கொண்டுவந்தார்.

பேட்டரியிலிருந்து தனி வயர், தனி ஃபியூஸ், பின்சீட் ஓரம் பாயிண்ட். கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகிற எர்த் வயரைப் பக்கத்திலேயே வண்டியின் பாடித் தகரத்தில் முடுக்கினேன். எல்லோரும் செய்வதுதான். முடிந்தது, கிளம்புங்கள் என்றேன். அவர் கிளம்பவில்லை. "இது போன் சார்ஜர் இல்ல மேஸ்திரி. வழியில நின்னா நான் அவளுக்கு இன்னா பதில் சொல்றது?"

வெள்ளித்தாள்

நின்றது. கையோடு வைத்திருந்த சின்ன சிலிண்டரில் அம்மா அன்று தப்பித்தார். வேன் என் கடைக்குத் திரும்பி வந்தது.

முதலில் ஃபியூஸைப் பார்த்தேன். நம் ஆட்களிடம் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கொஞ்ச நாள் முன்பு ஒரு ஷேர் ஆட்டோ புகையோடு வந்தது. ஏறுகிறவர்களுக்கெல்லாம் சார்ஜர், மேலே பாட்டு, சுற்றிலும் கலர் லைட். வயர் உருகிக் கிடக்கிறது, ஃபியூஸ் மட்டும் போகவில்லை. திறந்தால், ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளை மடித்துச் சொருகியிருக்கிறான். எவன் வேலை என்று கேட்டேன். டிரைவர் கூசவே இல்லை. "ஃபியூஸ் போய்ப் போய் ஒரே பேஜார்ண்ணா. இத்த வெச்சதுலருந்து ஒரு வாட்டிகூட போவல."

கடை வாசலில் எல்லாம் சரி

தேவராஜ் வேனில் அந்த வேலை இல்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. டெஸ்ட் லேம்ப் எரிந்தது. மீட்டரும் சரியாகக் காட்டியது. பாயிண்டையே கழற்றி வேறு போட்டேன். இஞ்சினை ஓடவிட்டு மிஷினை மாட்டினேன். ஓடியது. அனுப்பிவிட்டேன். வேறு என்ன செய்வது?

அடுத்த தடவை வேலூருக்குக் கிளம்பியவர்கள், வாணியம்பாடி தாண்டும்போதே பேட்டரி தீரப்போகிறது என்று மிஷின் கத்த ஆரம்பித்து, நேராக என் கடையில் வந்து நின்றார்கள். கடை கரண்டில் அம்மாவின் மிஷினை மாட்டிவிட்டு, மறுபடியும் பாயிண்டில் மீட்டரை வைத்தேன். சரியாகத்தான் காட்டியது. சொன்னேன். தேவராஜுக்கு முகம் சிவந்துவிட்டது. "உன் கடை வாசல்ல நிக்கிற வரைக்கும் எல்லாம் ஓடுது மேஸ்திரி. ஆஸ்பத்திரிய இங்கயே கொண்டாந்துடட்டுமா?"

பச்சை லைட்

அம்மா கையசைத்துக் கூப்பிட்டார். பேசவும் மூச்சு வேண்டுமே, விட்டு விட்டுத்தான் வந்தது. "அண்ணே, இவரு பிரேக் அடிக்கிறப்பல்லாம், இதுல பச்சை லைட்டு அணைஞ்சி அணைஞ்சி வருது."

மிஷினுக்குக் கரண்ட் வந்தால்தான் அந்தப் பச்சை லைட் எரியும். அவருக்கு வழி முழுக்க அதைப் பார்ப்பதுதான் வேலை. நான் நிற்கிற வண்டியை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன். பிரேக் லைட்டுக்கும் என் பாயிண்டுக்கும் எர்த் ஒரே இடத்தில், பின்பக்கத் தகரத்தில். தரையில் விரித்திருந்த ரப்பர் மேட்டைத் தூக்கி, புதுப் பெயிண்டைச் சுரண்டினேன். தகரம் செதில் செதிலாக வந்தது. ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. உப்பு. அது அரித்த தகரத்தில் பிரேக் லைட்டுக்கும் மிஷினுக்கும் சேர்த்துக் கரண்ட் திரும்ப வழியில்லை.

தேவராஜைத் தள்ளிக் கூட்டிப்போய், இதில் முன்னே என்ன ஏற்றினார்கள் என்று கேட்டேன். "மெள்ள பேசு மேஸ்திரி. டேனரிக்கு உப்பு போட்ட பச்சைத்தோல் ஏத்திக்கினு ஓடின வண்டி. சொன்னா அவ ஏறமாட்டா. அதான் சென்ட் அடிச்சி வெச்சிகீறேன்."

வேனுக்குள்ளிருந்து பதில் வந்தது. "வாங்கின அன்னிக்கே தெரியும். எனக்கு மூச்சுதான் கம்மி. மூக்கு நல்லாதான் கீது."

பாடியை விட்டுவிட்டு, எர்த்துக்கும் பேட்டரியிலிருந்தே நேராக ஒரு வயர் இழுத்தேன். தேவராஜை பைபாஸில் ஓட்டச் சொல்லி, பிரேக் அடிக்க அடிக்கப் பச்சை லைட்டையே பார்த்துக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து போனேன். அணையவில்லை. அன்றைக்கே வேலூர் போனார்கள். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து தேவராஜ் போன் செய்தார். "வந்துட்டோம் மேஸ்திரி. சிலிண்டரத் தொடவே இல்ல."

மீட்டர், டெஸ்ட் லேம்ப், இத்தனை வருஷ அனுபவம் எல்லாம் என்னிடம் இருந்தும், அந்த வேனைச் சரி பண்ணியது பின்சீட்டை விட்டு எழுந்திருக்காத ரோஸ்லின் அம்மா.