பத்தொன்பதாம் மாடியில் வெள்ளைத்தாய்

இது நடந்தது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணித் தறிக்கூடம் வைத்திருக்கும் ஜெயக்கொடிக்கு நடந்தது. கதை கட்டுகிற ஆள் இல்லை அவர். இதைச் சொல்லும்போது பட்டப்பகலில் அவர் கைமயிர் குத்திட்டு நின்றதை நானே பார்த்தேன்.

போன வருஷம் கோலாலம்பூரில் மருத்துவப் பொருள் கண்காட்சி. தன் துணிக்கு ஆர்டர் பிடிக்கப் போனார் ஜெயக்கொடி. துணைக்குக் கொழுந்தன் எட்வின். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் அவன். அந்த ஊர் அவனுக்கு அத்துப்படி. "தங்குனா ராசா மாதிரி தங்கணும் மதினி" என்று பெரிய நட்சத்திர ஹோட்டலில் அறை போட்டிருந்தான். பத்தொன்பதாம் மாடி. அவருக்கு ஓர் அறை. தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் அவனுக்கு ஓர் அறை. கண்ணாடிக்கு வெளியே வானம் முட்டும் கட்டடங்கள். கீழே ஓயாமல் ஊரும் கார்கள். ஆனால் ஒரு சத்தமும் உள்ளே வராது.

இரண்டாம் நாள் மதியம் இருவரும் சீக்கிரமே திரும்பிவிட்டார்கள். ஜெயக்கொடிக்குத் தலைவலி. படுத்துச் செத்த நேரம்தான் ஆகியிருக்கும்.

டிங்... டாங்...

திறந்தார். அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண் நின்றாள். ஒடிசலான உடம்பு. இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. உள்ளே வந்தவள் எதையும் தொடவில்லை. சும்மா நின்றாள்.

"அக்கா நம்ம பக்கமா?"

ஜெயக்கொடிக்கு ஒரே சந்தோஷம். "ராஜபாளையம்மா. நீ?"

"மம்சாபுரம். பேரு வெள்ளைத்தாய்."

குரல் கரகரத்தது. உதடெல்லாம் வெடிப்பு. பாவமாக இருந்தது. மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார் ஜெயக்கொடி. அவள் வாங்கி அண்ணாந்தாள்.

மடக்... மடக்... மடக்...

நிறுத்தவே இல்லை. தொண்டை ஏறி ஏறி இறங்கியது. கடைசியில் பாட்டிலைத் திருப்பி வைத்தாள்.

அது நிறைந்தபடியே இருந்தது.

"அடங்க மாட்டேங்குதுக்கா" என்றாள். பிறகு கேட்டாள். "கூட வந்த அவிய எந்த ரூம்ல இருக்காக?"

ஏன் சொன்னோம் என்று ஜெயக்கொடி இன்றைக்கும் புலம்புகிறார். வாய் தானாகத் திறந்தது. "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு."

வெள்ளைத்தாய் சிரித்தாள். வெடித்த உதட்டில் ரத்தம் வரவில்லை.

அவள் போனதும் ஜெயக்கொடி தாழ்வாரத்தை எட்டிப் பார்த்தார். நீளமான தாழ்வாரம். ஈ காக்கை இல்லை. திரும்பினால், மேசை மேல் ஜாடியிலிருந்த ஆர்க்கிட் பூக்கள்... காலையில் வைத்தவை... சருகாகிக் கிடந்தன. ஜாடியில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

அப்போது அறை போன் அடித்தது.

"மதினி..." எட்வின்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்ட மாதிரி குரல். "தண்ணி..."

"குழாய்ல பிடிச்சுக் குடிலே!"

"தொறந்துதான் விட்டிருக்கேன்... வாய்க்குள்ள வரமாட்டேங்குது மதினி..."

போன் கட்டானது.

ஓடினார். கதவைத் தட்டினார். உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம். சோவென்று. அதற்கு நடுவே ஒரு பெண் குரல். கரகரத்த குரல்.

"எம்புட்டு தடவ கூப்பிட்டேன்... போன எடுத்தியாலே?"

எட்வின் அழுதான்.

"எடுத்தியாலே?"

"ஆண்டவரே!" என்று ஜெயக்கொடி அலறினார். ஹோட்டல் ஆட்கள் ஓடி வந்தார்கள். கார்டு போட்டும் கதவு திறக்கவில்லை. உள்தாழ்.

உள்ளே அழுகை நின்றது.

தாழை அறுத்துத் திறந்தார்கள்.

குழாய்கள் எல்லாம் திறந்து கிடந்தன. தொட்டி நிரம்பி, கார்ப்பெட் வரை வெள்ளம். எட்வின் மண்டியிட்டிருந்தான். ஓடும் குழாய்க்கு அடியில் முகம். வாய் பிளந்தபடி.

முகம் காய்ந்திருந்தது.

உயிர் இல்லை.

அறையில் வேறு யாரும் இல்லை. வெள்ளைத்தாய் என்ற பெயரில் ஹோட்டலில் எவரும் வேலை பார்க்கவில்லை என்றார்கள்.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் ஜெயக்கொடியைத் தனியே அழைத்தார். அவரும் தமிழர். "இவரை யாராவது அடைச்சு வச்சிருந்தாங்களா?" என்று கேட்டார்.

"இல்லையே. காலையில எங்கூடத்தான் சாப்பிட்டான். ரெண்டு கிளாஸ் ஜூஸ் குடிச்சான்."

டாக்டர் நம்பவில்லை. "இந்த உடம்புக்குள்ள அஞ்சு நாளா ஒரு சொட்டு தண்ணி போகலைம்மா."

ஊர் திரும்பி அடக்கம் முடிந்தது. ஜெயக்கொடிக்குத் தூக்கம் இல்லை. ஒரு நாள் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, அங்கிருந்து மம்சாபுரம் போனார். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தார். சுவரில் மாலை போட்ட படம். இடது புருவத்தில் தழும்பு.

"எந்தங்கச்சிதான்" என்றாள் அந்த வீட்டுப் பெண். "மலேசியாவுக்கு வீட்டு வேலைக்குப் போனா. செத்து மூணு வருஷமாச்சு."

"எப்படிம்மா?"

"வீட்டுக்காரவுக அவளை ஒரு ரூம்ல போட்டுப் பூட்டிட்டு வெளியூர் போயிட்டாகளாம். கையில போன் இருந்திருக்கு. அனுப்பி வச்ச ஏஜென்ட்டுக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கா. கடைசி வரைக்கும் அந்தப் பாவி எடுக்கல."

சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரூம்ல குழாய் கிடையாதுக்கா. அஞ்சாம் நாள் கதவத் தொறந்தப்ப, உசிரு இல்ல."