பாம்போடு வந்த ஓர்ப்படி

என் ஓர்ப்படி பெகாயிம் இந்த வீட்டுக்கு வந்த அன்று, சீர்ப்பெட்டிக்குப் பின்னால் ஒரு கண்ணாடிப் பெட்டியும் வண்டியிலிருந்து இறங்கியது. எத்தனை மெத்தை, எத்தனை கம்பளம் என்று எட்டிப் பார்க்க வந்திருந்த தெருப் பெண்கள், கண்ணாடிக்குள் சுருண்டிருந்ததைக் கண்டதும் வந்த வேகத்திலேயே பின்வாங்கினார்கள். மூத்த மருமகள் நான். என் சீரை ஆளுக்கு ஒரு குறை சொன்னவர்கள்தான் அவர்கள். அன்றைக்கே எனக்கு பெகாயிமைப் பிடித்துப்போனது.

பாம்பின் பெயர் சாரிமாய். நெய் என்று அர்த்தம். உருக்கிய நெய் நிறத்தில் சிவப்புத் திட்டுகளோடு கைத்தடி நீளம் இருக்கும், விஷம் கிடையாது. ஏரிக்கரையில் கோடை முழுக்க வெளியூர்க்காரர்கள் கழுத்தில் பாம்பைப் போட்டுப் படம் எடுத்துப் பிழைக்கிற ஆள் ஒருவன், சீசன் முடிந்ததும் அதைக் குப்பைமேட்டில் எறியப் போயிருக்கிறான். சாப்பிடவே மாட்டேன் என்கிறது, நோய் பிடித்த சனியன் என்றானாம். பெகாயிம் அப்போது அங்கே ஒரு பாலர் பள்ளியில் சமையல்காரி. குளிர் வந்தால் சில பாம்புகள் சாப்பாட்டை விட்டுவிடும், அது நோயில்லை என்று எங்கோ கேட்டிருந்தாள். ரொட்டிக் கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். வசந்தத்தில் அதுவே வாயைத் திறந்தது.

எங்கள் ஊரான கராகோலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபின் இங்கேயும் பாலர் பள்ளிச் சமையல்தான். பேச்சு குறைவு, நடை மெதுவு. மாவு பிசைந்தால் அவள் பிசைந்த உருண்டை எது, நான் பிசைந்தது எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். என்னுடையது அடித்துப் போட்டது. அவளுடையது ஓய்வெடுத்தது.

எங்கள் மாமியார் பாத்மகான் அத்தை அன்றைக்கே சட்டம் போட்டாள். பாம்பு ஒரே ஒரு கிறுக்குத்தனம் செய்தாலும் வெளியே. பாம்புக்கு எது கிறுக்கு, எது நல்ல புத்தி என்று யாருக்குத் தெரியும்? அத்தைக்குத் தெரியும். அத்தைக்கு எல்லாம் தெரியும்.

அதற்குப் பிறகு அது எது செய்தாலும் புகார்தான். எலிக்குஞ்சை விழுங்கிவிட்டு வாயை ஆவென்று பிளந்ததா, அடுத்து நம்மைத்தான் என்றாள். விலகிய தாடையைச் சேர்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான் என்றாள் பெகாயிம். ஒரு பகல் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடந்தது. பாதி உடம்பை நிமிர்த்தி, குச்சி நட்டதுபோல அசையாமல் நின்று அத்தை ரொட்டி சுடுவதைப் பார்த்தது. யாராவது திடீரென்று மூடியைத் தூக்கினால் வால் நுனியைப் பெட்டியில் பரப்பியிருந்த காகிதத் துண்டுகளில் படபடவென்று அடித்தது. ஒவ்வொன்றுக்கும் பெகாயிம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பெட்டிக்கு முன்னால் உட்காருவாள். "முதல்ல பாப்போம் அத்தை. பயப்படறதுக்கு நேரம் இருக்கு" என்பாள்.

ஒருமுறை அது நேர்கோடாக நீட்டிப் படுத்துவிட்டது. விழுங்கப்போகிற ஆளைப் பாம்பு இப்படித்தான் அளந்து பார்க்கும் என்று சந்தையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அத்தை மெத்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். பெகாயிம் பொறுமையாகச் சொன்னாள்: "எலிக்குஞ்சுக்கே அதுக்கு மூச்சு வாங்குது அத்தை. உங்களை முழுங்கணும்னா அதோட ஏழு தலைமுறையும் சேர்ந்து வரணும்." அத்தையின் உருவம் அப்படி. நான் மாட்டுக் கொட்டகைக்கு ஓடிப்போய்ச் சிரித்தேன்.

அந்த இலையுதிர் காலத்தில் எனக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை போய்விட்டது. என் வீட்டுக்காரர் மாஸ்கோவில் கட்டட வேலையில் இருந்தார், வர முடியவில்லை. நான் சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். சாப்பிடவில்லை, தலை வாரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை. யாராவது தோளில் கை வைத்தால் தோலை உரித்தது போலிருக்கும். ஆறுதல் சொல்ல வந்த உறவுக்காரர்கள் தேநீர் குடித்தபடியே என்னைப் பற்றிப் பேசினார்கள். சோம்பல் என்றார் ஒருவர், காற்று கருப்பு அடித்திருக்கிறது என்றார் இன்னொருவர். மந்திரிக்க ஆள் கூட்டிவருவதாக முடிவாயிற்று. அவர்கள் எழுந்து என் அறைக்கு வந்தபோது பெகாயிம் வாசலை மறித்து நின்றுகொண்டாள். இளைய மருமகள் பெரியவர்கள் முன்னால் குரல் உயர்த்தக் கூடாது, அவளும் உயர்த்தவில்லை.

"அக்காவை எந்தக் காத்தும் பிடிக்கல. இப்ப தொட்டா வலிக்கும், அவ்வளவுதான். விடுங்க, தானா வருவாங்க."

தினமும் ஒரு கிண்ணம் சூப்பும் தண்ணீரும் கைக்கெட்டும் இடத்தில் வைப்பாள். பேசாமல் போய்விடுவாள். எடுத்தேனா என்றுகூடக் கேட்கமாட்டாள். ஒருநாள் நானாக எழுந்து போய் அவளுக்கு உருளைக்கிழங்கு உரித்துக் கொடுத்தேன். கத்தியை என் பக்கம் நகர்த்தி வைத்தாளே தவிர, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னைப் பெற்றவள்கூட அப்படி விட்டிருக்கமாட்டாள். அதற்கு நான் இன்றுவரை கடன்பட்டவள்.

நல்ல பனிக்காலத்தில்தான் அது நடந்தது. சாரிமாய்க்குத் தோல் உரிக்கும் பருவம். முன்பெல்லாம் கவிழ்த்துப் போட்ட மண்சட்டிக்குள்ளேயே கிடந்து உரித்து முடித்துவிடும், அத்தை பார்த்ததில்லை. அன்று வெளியே வந்து கண்ணாடியில் மூக்கைத் தேய்த்திருக்கிறது. அத்தை குனிந்து பார்த்தாள். கண் இரண்டும் வெள்ளை வெளேரென்று, பால் ஊற்றினாற்போல. உரிக்கும் முன் கண்மேல் இருக்கும் தோல் அப்படி மங்கும், பிறகு தெளிந்துவிடும். இது எனக்குத் தெரியும். நான் சந்தைக்குப் போயிருந்தேன். பெகாயிம் வேலையில் இருந்தாள். என் கொழுந்தன், பெகாயிமின் வீட்டுக்காரன் ஜிர்கல் வேன் ஓட்டிக்கொண்டு தலைநகருக்குப் போயிருந்தான்.

வீட்டுக்குள் பாம்பு வந்தால் எங்களில் யாரும் அடிக்கமாட்டோம். தலையில் பாலோ மோரோ ஊற்றி, மரியாதையாகக் கதவைத் திறந்துவிடுவோம். வெள்ளை ஊற்றிவிட்டால் விடைகொடுத்தாயிற்று என்று பொருள். வெள்ளைக் கண்ணைப் பார்த்த அத்தைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாம்பு தானே வெள்ளையை வாங்கிக்கொண்டு கண்ணாடியைத் தட்டி, விடைகொடு என்கிறது. இவ்வளவு மரியாதை தெரிந்த ஜீவனைக் காக்க வைக்கலாமா?

நான் திரும்பி வந்தபோது அத்தை திருப்தியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். புது மோர் ஊற்றினாளாம். கரி அள்ளும் தட்டில் ஏந்தி நடைக்குக் கொண்டுபோய், வாசல் கதவைத் திறந்துவைத்தாளாம். கண்ணை மூடி, போய்வா, எங்கள் மேல் வருத்தம் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டாளாம். கண்ணைத் திறந்தபோது அது போயிருந்தது. பிறகு தரையைச் சுத்தமாகத் துடைத்தும்விட்டாள்.

வெளியே மாடு விடும் மூச்சு அதன் மூக்கோர மயிரிலேயே உறைகிற குளிர். அந்தக் குளிரில் பாம்பு அரை மணி நேரம் தாங்காது.

பெகாயிம் வந்தாள். நான்தான் சொன்னேன். அவள் காலிப் பெட்டியை ஒருமுறை பார்த்தாள். அறைக்குப் போய்த் தன் துணிகளை ஒரு துணிப்பையில் அடைத்து எடுத்துவந்து கூடத்தில் வைத்தாள். கோட்டை இன்னும் கழற்றியிருக்கவில்லை.

"உங்க மேல கோபம் இல்ல அத்தை. ஏன் செஞ்சீங்கன்னு புரியுது" என்றாள். "ஆனா இனிமே ஒவ்வொரு நாளும் இந்தப் பெட்டியைப் பாத்துக்கிட்டு என்னால இங்க இருக்க முடியாது. தேடிப் பாக்கறேன். கிடைக்கலன்னா அம்மா வீட்டுக்குப் போறேன்."

இவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் மறுபடி சுவரைப் பார்த்துப் படுக்க வேண்டியவள்தான்.

பெகாயிம் வாசலில் நின்று முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் விழுந்த புதுப் பனி. அதில் என் காலடியும் அவள் காலடியும்தான். பாம்பு ஊர்ந்த கோடு இல்லை, ஒரு கீறல் இல்லை.

"அக்கா, அது வெளிய போகவே இல்ல" என்றாள்.

குளிர்க்காற்று முகத்தில் அடித்ததும் திரும்பியிருக்கிறது. அத்தை கண்ணை மூடி வேண்டிய நேரத்தில், அவள் காலடியிலேயே வீட்டுக்குள் புகுந்திருக்க வேண்டும். நாங்கள் கம்பளங்களைப் புரட்டினோம், மெத்தை அடுக்கைக் கலைத்தோம். மாவு டப்பாவுக்குப் பின்னால்கூடத் தேடினேன். காணோம். அத்தை மட்டும் எங்களை நம்பவில்லை. வெளியேதான் இருக்கும், நானே அனுப்பினேன், நானே போய் அழைத்துவருகிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டு, கரி அடுப்பின் அருகே காய்ந்த தன் கம்பளிப் பூட்ஸை எடுத்தாள். உள்ளே எதுவும் சிக்கியிருக்கிறதா என்று வழக்கம்போலக் கையை விட்டாள்.

அவள் கையை வெளியே எடுக்கவில்லை. பூட்ஸுக்குள் படபடவென்று ஒரு சத்தம்.

இத்தனை நாளும் அதைத் தொடாதவள், பூட்ஸை இரண்டு கையாலும் ஏந்தி, நிறைந்த பால்பாத்திரம்போலச் சிந்தாமல் கொண்டுவந்தாள். குளிரில் நடுங்குகிறது என்று பெகாயிமிடம் நீட்டினாள். பெகாயிம் உள்ளே பார்த்தாள். முகம் பூவாக மலர்ந்தது.

"நடுக்கம் இல்ல அத்தை, கோபம். கோபப்படற அளவுக்கு நல்லாத்தான் இருக்கு."

பாம்பின் தலையில் மோர் காய்ந்து ஒட்டியிருந்தது. அத்தை அதைப் பார்த்தாள். பிறகு பெகாயிமின் தலைக்குட்டையைப் பார்த்தாள். அத்தை மன்னிப்புக் கேட்டு நான் கண்டதில்லை, அன்றும் கேட்கவில்லை. மாமியார் குரலிலேயே பேசினாள்.

"மருமகளா உன்னை உள்ள கூட்டிட்டு வந்தப்போ தலையில வெள்ளைத் துணியை நான்தான போட்டேன். இதுக்கும் தலையில வெள்ளை ஊத்தியாச்சு. இது வெளியவும் போகல. அப்புறம் என்ன, இதுவும் இந்த வீட்டு மருமகதான். மருமகளுங்க யாரும் எங்கயும் போகவேண்டாம்."

பாம்பை மருமகளாக்கும் வழக்கம் இந்த ஏரியைச் சுற்றி எந்த ஊரிலும் கிடையாது. அத்தை அந்த இடத்திலேயே செய்துகொண்ட சட்டம் அது. அவள் போட்ட சட்டங்களில் நான் மனதார வணங்குவது அது ஒன்றைத்தான். பெகாயிம் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அவள் மனம் மாறுவதற்குள் நான் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடி, அவள் துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கினேன்.